சாயங்கால வெறும் வயிறு

ஜூன் 10, 2025 – செவ்வாய்

பக்ரீத் முடிந்து இன்றுதான் வேலைக்குப் போனேன். மதியம் டப்பாவைத் திறப்பதற்குள் பக்கத்து மேசை ஜானு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். மயிலாப்பூர்ப் பெண், முட்டைகூடத் தொடமாட்டாள். ஆனால் பிரியாணிக்கு மேலே முகத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வாள். "வாசனைக்குப் பாவம் கிடையாதுடி. ஆத்துல மட்டும் சொல்லிடாதே." அவளுக்காக அம்மா தனியாகச் சேமியா கொடுத்தனுப்பியிருந்தாள்.

சாப்பிட்டு முடித்ததும் எங்கள் முதலாளி ராகவேந்திரன் சார் கூப்பிட்டார். மெருனா பயோடெக் என்று ஒரு கம்பெனி. சர்க்கரை நோயாளிகளின் காலில் வரும் ஆறாத புண்ணுக்குக் களிம்பு கண்டுபிடித்திருக்கிறார்கள். மூன்று சிகிச்சை மையங்களில் நோயாளிகளிடம் சோதித்து முடிவை வெளியிட்டுவிட்டார்கள். பங்கு விலை ஏறிக்கொண்டே இருக்கிறது. "இங்க பயோடெக் படிச்சவ நீ ஒருத்திதான். அட்டவணை அட்டவணையாப் பாரு. ஏதாவது தட்டுப்பட்டா சொல்லு."

எங்கள் தொழில் அதுதான். கம்பெனிகளை ஆராய்ந்து, எந்தப் பங்கை வாங்கலாம், எதை விட்டுவிடலாம் என்று சந்தா கட்டியவர்களுக்கு எழுதிக் கொடுப்பது. சாரின் மேசைக்குப் பின்னால் ஒரு பத்திரிகைச் செய்தியைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். ஒரு கம்பெனியின் தொழிற்சாலை வெறும் காலிக் கொட்டகை என்று அவர் எழுதினார். அது உண்மையாகவே இருந்தது. அன்றிலிருந்து சந்தாதாரர்கள் அவரைக் கேட்பது ஒரே கேள்வி: அடுத்தது யார்?

ஜூன் 13 – வெள்ளி

தட்டுப்பட்டது.

நோயாளிகளுக்கு வாராவாரம் ரத்தம் எடுத்து, வெறும் வயிற்றுச் சர்க்கரை பார்த்திருக்கிறார்கள். எடுத்த நேரமும் போட்டிருக்கிறது. எல்லாம் காலை எட்டு, ஒன்பது மணி. ஆனால் மூன்றாவது மையத்தில் மட்டும் நடுவில் சில வாரங்கள் அத்தனை பேருக்கும் மாலை ஆறு மணியை ஒட்டி. பிறகு மறுபடி காலைக்குத் திரும்பிவிடுகிறது. அட்டவணையில் தேதி இல்லை, முதல் வாரம், இரண்டாம் வாரம் என்றுதான் இருக்கிறது.

மாலை ஆறு மணிக்கு யார் வெறும் வயிற்றோடு இருப்பார்கள்?

குறிப்பு எழுதி அனுப்பினேன். "மூன்றாம் மையம், நேரம் மாறியது ஏன்? கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்."

ஜூன் 16 – திங்கள்

எல்லோர் முன்னாலும் என் பெயரைச் சொன்னார். "வைக்கோல் போர்ல இருந்து சாய்மா ஊசியை எடுத்துட்டா. நீங்கள்லாம் வைக்கோலை எண்ணிண்டு இருக்கேள்." சீனியர் ஆய்வாளர் அம்பி சார் மேசையைத் தட்டினார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து திறந்து மூடினேன்.

சந்தோஷமாகத்தான் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இந்த ஆபீஸில் என் குரலைக் கேட்டவர்கள் ஜானுவும் லிஃப்ட்காரரும் மட்டும்தான். மாம்பலம் ஸ்டேஷனில் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு நின்றபோதும் எனக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 18 – புதன்

சாரின் வரைவைப் படித்தேன். என் கேள்வியைத் தேடினேன். இல்லை. அந்த இடத்தில், "மாலை ஆறு மணிக்கு வெறும் வயிறு: நோயாளிகளே இல்லாமல் மேசையில் உட்கார்ந்து எழுதப்பட்ட எண்கள்" என்று இருந்தது. தலைப்பு இன்னும் பெரியது. மோசடி என்ற சொல் முதல் பக்கத்திலேயே மூன்று இடத்தில்.

"சார், இது... நான் கேட்டுத் தெரிஞ்சுக்கணும்னுதான்..."

"கேள்விக்குறியை யாரும் காசு கொடுத்து வாங்க மாட்டா, சாய்மா." கோபமே இல்லை அவருக்கு. சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அறிக்கையில் ஆய்வாளர் என்று என் பெயர் போடப் போகிறார்களாம். நான் கையெழுத்திட வேண்டும். அதற்கான தேர்வை போன டிசம்பரில்தான் எழுதித் தேறினேன். ஆபீஸே பணம் கட்டியது.

சாரின் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு பச்சை பீரோ. அதற்குள் என் பட்டச் சான்றிதழ், ஒரிஜினல். இரண்டு வருஷம் இங்கே வேலை பார்ப்பேன் என்று எழுதிக்கொடுத்து அடகு வைத்தது போல. அடுத்த மே வரை. மகளின் சான்றிதழ் கைக்கு வந்த மறுநாளே அத்தா அதை ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துப்போய் லேமினேட் செய்துவிட்டார், "தண்ணி கிண்ணி பட்டா இன்னா பண்றது" என்று. சேர்ந்த அன்று சார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரிஜினலை யாராவது லேமினேட் பண்ணுவாளா? முத்திரை குத்தணும்னா எங்க குத்தறது?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஜூன் 24 – செவ்வாய்

முதலில் இருந்து எழுதுகிறேன்.

ரமலானில் மாதவிலக்கு நாட்களில் பெண்களுக்கு விட்டுப்போகும் நோன்புகளை அடுத்த ரமலானுக்குள் வைத்து முடிக்க வேண்டும். கழா நோன்பு. எனக்கு இன்னும் பாக்கி. இன்று ஒன்று வைத்தேன். ஆபீஸில் யாரிடமும் சொல்வதில்லை. சொன்னால் ஏன் விட்டுப்போனது என்று கேட்பார்கள். அதற்கு என்ன பதில் சொல்வது, அம்பி சார் முன்னால்.

மாலை எல்லோரும் கிளம்பும் நேரம். பையில் இருந்த பேரீச்சம்பழத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நோன்பு திறக்கும் பாங்கு நேரத்துக்காகக் கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தேன். ஜானு முறுக்கு நீட்டினாள். வேண்டாம் என்றேன்.

"மத்தியானமும் டப்பா திறக்கலை. கார்த்தாலேர்ந்து ஒண்ணுமே சாப்பிடலையாடி? மணி ஆறரை. இவ்ளோ நேரம் வெறும் வயித்தோடயா இருக்கே?"

அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நான்தான். மாலை ஆறரை மணிக்கு வெறும் வயிற்றோடு இருப்பவள் நான்தான். பத்து வயதிலிருந்து வருஷத்துக்கு ஒரு மாதம் நான் அப்படித்தான். எங்கள் தெருவே அப்படித்தான். எனக்கு ஏன் தோன்றவில்லை? யாரோ ஒருவர் வெள்ளைத்தாளில் வாரம் ஒன்பது, வாரம் பத்து என்று எழுதினால் அது என் வாழ்க்கையில் நடந்த வாரம் இல்லை என்று ஆகிவிடுமா?

சோதனை தொடங்கிய தேதியை அரசுப் பதிவில் பார்த்தேன். வாரங்களை எண்ணினேன். போன வருஷத்து ரமலான். பிறை பார்த்த வாரத்தில் நேரம் மாறுகிறது. பெருநாள் முடிந்ததும் காலைக்குத் திரும்புகிறது.

ஜூன் 28 – சனி

பொருந்துகிறது என்பதும் நடந்தது என்பதும் ஒன்றில்லையே. சாரைக் குறை சொல்லிவிட்டு நானும் அதையே செய்யக் கூடாது. அதனால் மூன்றாம் மையத்துக்கே போனேன். திருவல்லிக்கேணியில் டாக்டர் ஹபீபுர் ரஹ்மானின் சர்க்கரை நோய் கிளினிக். கீழே மருந்துக்கடை, மேலே கிளினிக், படியெல்லாம் கட்டுப் போட்ட கால்கள்.

ரிசப்ஷனில் சீதா என்று ஒரு அக்கா. ரத்தம் எடுப்பதும் அவர்தான். என்ன கேட்பது என்று யோசித்துக்கொண்டே வந்தது எல்லாம் மறந்துவிட்டது. அத்தைக்குக் காலில் புண் என்று பொய் சொன்னேன். "அவங்க நோன்பெல்லாம் விட மாட்டாங்க. ரமலான் மாசத்துல டாக்டர் எப்போ பார்ப்பாரு?"

"ரமலானுக்கு எட்டு மாசம் கீதேமா. அதுவரைக்கும் புண்ண வச்சினு இருப்பாங்களா உங்க அத்தை?" பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "சாயங்காலந்தான் பார்ப்பாரு. கார்த்தால ரத்தம் குடுத்தா நோன்பு போய்டும்னு நம்மாண்ட சண்டைக்கு வர்றாங்க. போகாதுன்னு டாக்டரே சொல்றாரு, யார் கேக்குறா? அதான் நோன்பு தொறக்கற நேரத்துக்கு ஒட்டி எடுத்துடுவோம். அப்டியே இங்கியே ஆளுக்கு ஒரு டம்ளர் கஞ்சி. எனக்கும் உண்டு."

படி இறங்கும்போது அந்த அக்காவிடம் பொய் சொன்னது உறுத்தியது.

ஜூலை 1 – செவ்வாய்

சொல்லிவிட்டேன். இரண்டு பக்கத்துக்கு எழுதியும் கொடுத்தேன். நேரம் மாறியதற்குக் காரணம் ரமலான். அதில் மோசடி எதுவும் இல்லை. ஆனால் சந்தேகப்பட வேறு விஷயம் இருக்கிறது. நடுவில் விலகிப்போன நோயாளிகளைக் கம்பெனி கணக்கிலேயே சேர்க்கவில்லை. சேர்த்துப் பார்த்தால் சாதாரணமாகக் கட்டுப் போடுவதைவிட இந்தக் களிம்பு கொஞ்சம்தான் மேல். இவர்கள் பொய் சொல்லவில்லை, அதிகமாக நம்புகிறார்கள். பங்கு விலையும் அதை நம்பி ஏறியிருக்கிறது. இதைக் கேள்வியாக எழுதலாம்.

சார் முழுதும் படித்தார். அவர் படிக்காமல் தள்ளியிருந்தால்கூட எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"நன்னா எழுதியிருக்கே. ஆனா இதை யார் படிப்பா? களிம்பு சுமார்னு சொல்றதுக்கு என்னத்துக்கு நாம?" கண்ணாடியைக் கழற்றினார். "பெரிய சந்தாதாரர்கள் ரெண்டு பேருக்கு ஏற்கெனவே கோடி காட்டியாச்சு. விலை விழும்னு அவா பந்தயம் கட்டிண்டு உக்காந்திருக்கா. இப்போ போய் ரமலான்னு சொன்னா?"

அம்பி சார் திரும்பாமலே சொன்னார்: "டாக்டர் பேரைப் பாத்துட்டுத் தங்கச்சிக்கு மனசு மாறிடுத்து போலிருக்கே. உங்க ஆளு, விட்டுக் குடுப்பியா?"

விளையாட்டாகத்தான் சொன்னார். அவர் எல்லாவற்றையும் விளையாட்டாகத்தான் சொல்வார்.

"அம்பி, சும்மா இரு," என்றார் சார். பிறகு என்னிடம், மெதுவாக: "பாரு, அதுக்காகவும்தான் சொல்றேன். உன் பேரு இருந்தா நம்மளை யாரும் வேற மாதிரிப் பேச முடியாது."

அப்போது சொல்லியிருக்க வேண்டியது: சார், சந்தேகப்பட நமக்கு உரிமை இருக்கு. பதில் வந்த பிறகும் திருடன்னு சொல்ல உரிமை இல்ல. அங்கே சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன், யாருக்கு?

சொன்னது: "சரி சார்." எதற்குச் சரி?

ஜூலை 4 – வெள்ளி

அத்தா ஆட்டோக்களுக்கு சீட்டும் டாப்பும் தைப்பவர். சிந்தாதிரிப்பேட்டை ஸ்டாண்ட் முழுக்க என் பெயர் அச்சில் வரப்போவதைச் சொல்லிவிட்டார். அம்மாவிடம் நான் போன மாதம் சொன்னதுதான், பெயர் வரும் என்ற சந்தோஷத்தில் சொன்னது. இன்று கையெழுத்துப் போடப் பிடிக்கவில்லை என்றேன்.

"உன்ன இன்னா திருடவா சொல்றாங்க? கையெழுத்துதான? பெரியவங்க யோசிக்காமலா எழுதுவாங்க. போட்டுட்டு வா."

"தப்பா எழுதியிருக்காங்க அத்தா."

"அது அவங்க தப்பு. உன் சர்டிபிகேட் அவங்காண்ட கீது."

அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "மொதல்ல அத வாங்கினு வந்துடு. அப்பறம் ரோசப்படு," என்றாள்.

இருவர் சொல்வதும் நியாயம்தான். வேலையை விட்டால் சான்றிதழ் வராது. சான்றிதழ் இல்லாமல் வேறு வேலை கிடைக்காது. நான் படித்ததற்கு உலகத்தில் இருக்கும் ஒரே சாட்சி அந்தப் பச்சை பீரோவுக்குள், பிளாஸ்டிக் உறைக்குள் மூச்சு முட்டிக்கொண்டு.

ஜூலை 7 – திங்கள்

நாளை கையெழுத்து.

ஜூலை 8 – செவ்வாய்

போடவில்லை.

தாளை என் முன் வைத்தார்கள். பேனாவையும் வைத்தார்கள். கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சார் காத்திருந்தார். கடைசியில், "நான் போடலை சார்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் இன்னொரு தடவை கேட்டார். இன்னொரு தடவை சொல்ல வேண்டியதாயிற்று. இரண்டாம் தடவை இன்னும் கஷ்டம்.

அம்பி சார் தாளை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். "அவ்வளவுதானே. இதுக்கா இவ்வளவு?"

சார் என்னைத் திட்டவில்லை. அவர் கண் ஒருமுறை பீரோ பக்கம் போய் வந்தது. ஒருவேளை அது எனக்கு மட்டும் தோன்றியதாகவும் இருக்கலாம்.

ஜூலை 10 – வியாழன்

அறிக்கை வெளியாகிவிட்டது. மதியத்துக்குள் மெருனா பங்கு சரிந்தது. ஆபீஸில் எல்லோருக்கும் அடை பிரதமன் பாயசம் வாங்கிவந்தார்கள். என் கப் மேசையிலேயே இருந்தது. ஜானு பார்த்தாள். சாயங்காலம் அதைத் தானே எடுத்துக்கொண்டுபோய்க் கொட்டிக் கழுவி வைத்தாள்.

ஜூலை 19 – சனி

போகாதே போகாதே என்று சொல்லிக்கொண்டே திருவல்லிக்கேணி போனேன். தெருவின் எதிர் வாடையில்தான் நின்றேன். சீதா அக்கா டீ வாங்கக் கீழே வந்தவர் என்னைக் கண்டுபிடித்துவிட்டார்.

"உங்க அத்தைய கூட்டினு வரலியா?"

"அடுத்த வாரம்..."

"கூட்டினு வாம்மா, இப்போ கூட்டமே கெடையாது. டாக்டரு டுபாக்கூரு, பொய் ரத்தம் எடுத்துட்டாருன்னு வாட்ஸப்புல வருதாம். ஒரு ஆளு கால்ல போட்ட கட்டையே பிச்சுப் போட்டுட்டுப் போய்ட்டான். எங் கையால ஊசி குத்துனவங்க பேரெல்லாம் எனக்குத் தெரியும். பொய் ரத்தமாம்." டீ ஆறிக்கொண்டிருந்தது. "ஏம்மா, சொல்றவனுக்கு இன்னா, சொல்ட்டுப் பூட்டான்."

படியில் இரண்டு பேர்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

நான் கையெழுத்துப் போடாததால் இந்தப் படியில் ஒரு கால்கூட அதிகமாக இல்லை.

ஜூலை 23 – புதன்

கம்பெனி பதில் கொடுத்துவிட்டது. நீளமாக எதுவும் இல்லை. "குறிப்பிட்ட வாரங்கள் ரமலான் மாதம். நோயாளிகள் விடியலிலிருந்து சூரியன் மறையும் வரை உண்ணாதவர்கள்." கூடவே அந்த வருஷத்துப் பிறை அறிவிப்பு. அவ்வளவுதான்.

இணையத்தில் எங்கள் ஆபீஸைக் கிழிக்கிறார்கள். சந்தாவை நிறுத்துகிறோம் என்று போன் மேல் போன்.

அம்பி சார் உரக்கக் கேட்டார்: "இங்கேருந்து யாரு போட்டுக் குடுத்தா?"

"ரமலான்னு ஒண்ணு இருக்கறதை அவாளுக்கு யாராவது போட்டுக் குடுக்கணுமா?" என்றாள் ஜானு. ஆபீஸே திரும்பிப் பார்த்தது. அவள் முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 28 – திங்கள்

இப்போது என் பெயர் வேண்டுமாம்.

திருத்தம் வெளியிடப் போகிறார்கள். சார் இரவெல்லாம் தூங்காதவர் மாதிரி இருந்தார். "நீ போட்டா நன்னா இருக்கும் சாய்மா. உன் பேரைப் பாத்தா ஜனங்களுக்குக் கோபம் கொஞ்சம் தணியும்." வரைவில், "எங்கள் ஆய்வாளரின் புரிதல் பிழைக்கு வருந்துகிறோம்" என்று இருந்தது. ஆய்வாளர்: சாய்மா ஷரஃபுதீன்.

பொய்யில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று இருந்தேன். இது உண்மை. டாக்டர் மேல் தப்பு இல்லை என்று சொல்கிற உண்மை. அதற்குள் என்னைப் பற்றிய பொய்யைச் சுற்றி வைத்திருக்கிறார்கள். இதில் எதை மட்டும் பிய்த்து எடுப்பது? நான் போடாவிட்டால் திருத்தம் இன்னும் தள்ளிப்போகும். படியில் கால்கள் வராது.

என்னமோ ஒரு தைரியம். "அந்த வரியை எடுத்துட்டா போடறேன் சார். நான் கேள்விதான் கேட்டேன். நான் குடுத்த ரெண்டு பக்கத்தையும் அப்படியே சேர்க்கணும்."

சார் வரைவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "ரெண்டு பக்கம் வேண்டாம். அந்த வரியை எடுத்துட்டு, வருத்தம் தெரிவிக்கிறோம்னு மட்டும் போட்டுடறேன்."

பாதிதான் கிடைத்தது. போட்டேன். அறிக்கை போன அத்தனை பேருக்கும் திருத்தம் இன்றே போய்விட்டது.

ஆகஸ்ட் 3 – ஞாயிறு

அத்தா கடையிலிருந்து சாப்பிட வந்தார். கை கழுவிவிட்டு உட்காரவில்லை.

"ஆட்டோ ஓட்றானே அப்துல் சமத், அவன் போன்ல உம் பேரு தேடிப் படிச்சுக் காட்னான். ஸ்டாண்டுல எல்லாரும் இருந்தாங்க. நான்தான் படிக்கச் சொன்னேன்."

"ம்."

"வருத்தம் தெரிவிக்கிறோம்னு போட்டுகீதாம். கீழ உம் பேரு."

"ஆமா அத்தா."

"நீ இன்னா தப்பு பண்ணே?"

"ஒண்ணும் பண்ணலை. ஒரு கேள்வி கேட்டேன்."

"கேள்வி கேட்டதுக்கா வருத்தம்?"

தட்டை எடுத்து வைத்தேன். அவர் அதன் முன்னால் உட்கார்ந்து, "ஸ்பெல்லிங்கு கரெக்டா போட்டுகீறாங்களாம். உம் பேருக்குப் பின்னால எம் பேரும் கீதாம்," என்றார். அம்மா குழம்பு ஊற்றினாள்.

ஆகஸ்ட் 9 – சனி

திருவல்லிக்கேணி. எதிர் வாடையிலிருந்து. படியில் ஏழெட்டுப் பேர். முன்பு இருந்ததில் பாதிகூட இல்லை.

ஆகஸ்ட் 21 – வியாழன்

இன்று ஒரு கழா நோன்பு. இன்னும் ஒன்றுதான் பாக்கி. மதியம் அம்பி சார் எல்லோருக்கும் சமோசா வாங்கிவந்து என் மேசையிலும் ஒன்று வைத்தார். ஜானு வந்து பேசாமல் அதை ஒரு காகிதத்தில் சுற்றி என் டிராயரில் வைத்தாள். "ஆறரைக்கு மேல," என்றாள், என்னிடம் இல்லை, டிராயரிடம்.

புதிதாக ஒரு கம்பெனி. தடுப்பூசி செய்கிறார்கள். கிடங்கின் குளிர்நிலைக் கணக்கில் ஒரு இடம் எனக்குப் புரியவில்லை. குறிப்பு எழுதினேன்: "இங்கே அளவு விட்டுப்போனது ஏன்? அவர்களிடம் கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை."

சார் என் மேசைக்கே வந்து அதைப் படித்தார். பேனா மூடியைக் கழற்றினார். முனை தாளின் மேல், கேள்விக்குறிக்கு நேராக வந்து நின்றது. நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

மூடியைப் போட்டார். "பதில் வரட்டும்," என்றார்.

அவர் அறைக்குத் திரும்பிப் போகும்போது இடுப்பில் சாவிக்கொத்து குலுங்கியது. அதில் பச்சை பீரோவின் சாவி எதுவென்று எனக்குத் தெரியும். அடுத்த மே வரை அது அங்கேதான் இருக்கும்.

ஆறரைக்கு ஜானு டிராயரைத் திறந்தாள்.